ஓடாத படத்தின் ஒரே கேசட்

பூவாயி பதினெட்டாவது தடவையாக அதே படத்தின் கேசட்டைக் கேட்டு வந்து நின்றாள். இருபது வருஷத்துக்கு முன் கோவளத்துக் கடலில் எடுத்து, நாலே நாளில் தியேட்டரை விட்டு ஓடிய படம்.

"ஹீரோ மேல அவ்ளோ ஆசையாக்கா?" வீடியோ கடை செங்கல்வராயன் சீண்டினான்.

"அட போ நைனா." கேசட்டைக் கருவாட்டுக் கூடையில் வைத்துக்கொண்டாள். புருஷன் இல்லாத பொம்பளை. மகன் துபாயிலிருந்து வீடியோ டெக் வேறு அனுப்பியிருந்தான். கேளம்பாக்கம் வேறென்ன நினைக்கும்?

"பத்திரமா கொண்டா. டைரக்டருக்கு டெல்லில விழாவாம். இதோட நெகட்டிவ் எரிஞ்சு போச்சு, எங்கியும் காப்பி இல்லன்னு பேப்பர்ல போட்டுகீறாங்க. நம்ம கிட்ட கீதுன்னு லெட்டர் போட்டுட்டேன்."

பூவாயி கேசட்டைக் கருவாட்டுக்கு அடியில் தள்ளி மூடினாள். பிறகு போய்விட்டாள்.

மறுநாள் கேசட் திரும்பி வந்தபோது கடையில் இருந்தது செங்கல்வராயன் பெண்டாட்டி அமிர்தவல்லி. உடைந்திருந்த ஓரத்தில் புதிதாக செல்லோடேப். "பொறுப்புன்னா இது!" என்று மெச்சி, அலமாரியில் செருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கார் வந்தது. இறங்கியவர் சாட்சாத் இயக்குநர் திருநாவுக்கரசு! வீடு நிறைய விருது வாங்கியவருக்கு இந்த ஒரு படம்தான் திருஷ்டிப் பொட்டு. இப்போது அதையே 'காலத்தை முந்திய காவியம்' என்கிறார்களாம்.

"இது கிடைக்கலேன்னா விழாவுக்கே நான் போகப் போறதில்ல," என்றார்.

டெக்கில் போட்டார்கள். கூட்டத்தோடு பூவாயியும் வந்து நின்றாள். டைட்டில் வர வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி மழை. ஓட்டிப் பார்த்தால் அதே மழை. நடுவில் அரை நிமிஷம் மட்டும் பளிச்சென்று, ஹீரோவின் சட்டையைப் போட்ட எவனோ படகிலிருந்து அலைக்குள் குதித்தான். மறுபடி மழை.

செங்கல்வராயன் கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பினான். "ஐயையோ! யாரும் மேல ரெக்கார்ட் பண்ணக் கூடாதுன்னுதானே இந்த ஓரத்த உடைச்சு வச்சேன். இதுல டேப் ஒட்டினது யாரு?"

"நாந்தான்." பூவாயி முன்னால் வந்தாள்.

இயக்குநர் அவள் பக்கம் திரும்பினார். "என் படத்த மொத்தமா அழிச்சிட்டியேம்மா! அந்தக் குதிக்கிறத மட்டும் எதுக்கு விட்டு வச்ச?"

பூவாயி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீ குதிக்கச் சொன்ன எங்க வூட்டுக்காரரு இன்னும் கரையேறல."