உப்புப் பார்த்தல்

தட்டு பறக்கவில்லை.

அவன் கைக்கு இப்போது அந்தத் தெம்பு இல்லை. ரசஞ்சோற்றை ஒரு வாய் வைத்தான். முகத்தைச் சுளித்தான். பானையாய் வீங்கிய வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

முப்பத்தொரு வருடம்.

அந்த வீட்டில் சமைக்கிறவள் உப்புப் பார்க்கக் கூடாது. ஆண்பிள்ளை சாப்பிடுமுன் நாக்கில் வைத்தால் எச்சில். கைக்கணக்கில்தான் போட வேண்டும். ஒரு கல் குறைந்தாலும் தட்டு சுவருக்குப் போகும். சில நாள் அவள் மேல். நெற்றித் தழும்பு ஒரு புளிக்குழம்பு நாளில் வந்தது.

டாக்டர் அவளிடம்தான் விளக்கினார். தின்ற உப்பைக் குடலைத் தாண்டியதும் முதலில் கண்டுகொள்வது கல்லீரல். அது தகவல் சொன்னால் சிறுநீரகம் மிச்சத்தை வெளியேற்றும். குடித்துக் கெட்ட ஈரலுக்கு அந்த உணர்வு மங்கிவிட்டது. இனி தின்கிற உப்பெல்லாம் வயிற்றில் நீராகத் தேங்கும்.

"அதோட வேலையை இனிமே நீங்கதாம்மா பாக்கணும்."

இருபது நாளாகப் பார்க்கிறாள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன. உப்பில்லாத கீரை. உப்பில்லாத இட்லி. ஒரு வேளை தவறியதில்லை.

இன்று அவன் தங்கை சண்பகம் வந்திருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"இந்துப்பு மதினி. இது உப்புல சேத்தியில்ல. அண்ணன் ரெண்டு வாயாவது ருசியா திங்கட்டும்."

இந்துப்பும் உப்புதான். டாக்டர் பேர் சொல்லியே எச்சரித்திருந்தார்.

அவள் சும்மா இருந்தால் போதும். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்க முடியாது.

சண்பகம் பொட்டலத்தைப் பிரித்தாள். அவன் கண்கள் அதைவிட்டு நகரவில்லை.

ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

முப்பத்தொரு வருடத்துக்கு ஒரு வாரமா?

நாத்தனார் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி, பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

திரும்பி வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். அவன் பார்க்க, அவன் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் வைத்தாள். நிதானமாக மென்றாள். தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"சரியாத்தான் இருக்கு. சாப்பிடுங்க. நீங்க ரொம்ப காலம் இருக்கணும்."

அதை அவள் மனதாரச் சொன்னாள்.