பதினோராவது இலக்கம்

மணி மூன்று ஐம்பது. ஈஜிபுராவின் மாடியொன்றில் இருக்கும் காப்பீட்டு முகவர் அலுவலகத்தில் ஜன்னல் வெயில் கணினித் திரையை வெளுக்கிறது. மெர்சி ஒரு கையால் அதை மறைத்துக்கொண்டு படிக்கிறாள். 'கைப்பேசி எண்ணில் பத்து இலக்கம் இருக்க வேண்டும்' என்று காப்பீட்டுத் தளம் ஐந்தாவது முறையாகச் சிவப்பில் சொல்கிறது. நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள். பத்துதான். நான்கு மணிக்குத் தளம் மூடிவிடும். அதற்குள் அத்திபெலே தையல் ஆலையின் அறுபத்துமூன்று தொழிலாளர்களின் பெயர்களும் காப்பீட்டில் ஏறாவிட்டால், அங்கே காலர் தைக்கும் தனலக்ஷ்மிக்குத் திங்கட்கிழமை நடக்கவேண்டிய அறுவை சிகிச்சை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

"நம்பரெல்லாம் நீதான டைப் பண்ண, ஜெயவேலு?" ஆலையின் சூப்பர்வைசரிடம் போன் ஸ்பீக்கரில் கேட்கிறாள்.

"டைப்பு எதுக்குக்கா? தப்பாயிடும்னு வாட்ஸப்லேர்ந்து அப்படியே காப்பி பண்ணிப் போட்டேன். சக்கத்தா, சூப்பரா இருக்குல்ல?"

பல்லைக் கடித்துக்கொண்டு பட்டியலை எடிட்டரில் திறக்கிறாள். அம்புக்குறி விசையைத் தட்டத் தட்ட, கர்சர் ஒவ்வோர் இலக்கமாகத் தாண்டுகிறது. கடைசி இலக்கத்துக்குப் பின் ஒரு தட்டு வீணாகிறது, கர்சர் அசையவில்லை. வாட்ஸப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஓர் எழுத்து, பதினோராவதாக, அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதை நகலெடுத்துத் 'தேடு' கட்டத்தில் ஒட்டுகிறாள். கட்டம் காலியாகவே தெரிகிறது. 'மாற்று' கட்டத்தையும் காலியாக விட்டு விசையைக் குத்துகிறாள். அறுபத்துமூன்று இடங்களில் மாற்றியாயிற்று என்கிறது எடிட்டர். திரையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

பட்டியலை மறுபடி ஏற்றியதும், மூன்று ஐம்பத்தெட்டுக்குத் தளம் பச்சை காட்டுகிறது. "ஏறிடுச்சு" என்கிறாள்.

"பாத்தீங்களாக்கா, என் லிஸ்ட்ல தப்பே இல்ல! சும்மா டென்ஷன் ஆனீங்க."

மெர்சி அவனுக்கு அனுப்பத் திரையைப் படமெடுக்கிறாள், படத்தைப் பார்க்கிறாள், அழித்துவிடுகிறாள். அவனுக்குக் காட்ட அதில் ஒன்றுமே இல்லை.