முதல் மூன்று தீவுகள் மட்டும்

மதினியின் அம்புக்குறி பட்டியலின் கடைசி வரியில் வந்து நின்றது.

பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனாரின் கை அப்படியே நின்றது.

மதினி இந்த வீட்டுக்கு வந்து நாற்பது நாள். அண்ணன் ஷார்ஜாவுக்குத் திரும்பிப் பத்து நாள். வீட்டில் கிடந்த தன் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி, பொழுதுபோக இந்தப் படகு ஆட்டத்தை ஆடு என்று மதினியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

ஏழு தீவுகள். ஒரு தபால் படகு. தீவுதீவாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

அதற்குத்தான் இத்தனை மாட்கள். ஆடுகிறவர்களே எழுதி உள்ளே செருகிக்கொள்ளும் மாற்றங்கள்.

“டீசலே தீராத படகு ஒண்ணு இருக்கு. மழையே வராம ஒண்ணு” என்று சற்று முன்புதான் மதினி போனில் வாசித்தாள்.

“மழைய எடுத்துட்டா அப்புறம் படகு என்னத்துக்கு? ஆட்டோல போ” என்றான் அண்ணன். “இங்க பாரு ஜெனிட்டா, முதல் தடவை ஒரு மாட்டும் போடாத. அவன் எப்படிச் செஞ்சானோ அப்படியே ஆடணும். ரெண்டாம் தடவை என்ன எழவை வேணும்னாலும் போட்டுக்க.”

டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான்.

மதினி அந்த வரியை இன்னும் விடவில்லை.

தமிழ். முதல் மூன்று தீவுகள் மட்டும். இதுவரை இறக்கிக்கொண்டவர்கள்: நான்கு.

நான்கில் மூன்று, அதை எழுதிப் போட்ட நாத்தனாரேதான். சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக.

நான்காவது யார் என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன் சொன்னது சரி என்றே அவளுக்கும் பட்டது. அண்ணன் ஊரில் இல்லாத நாட்களில், இதே லேப்டாப்பில், அவளும் முதல் தடவை வெறும் ஆட்டத்தைத்தான் ஆடினாள். மடியில் அகராதி. முதல் தீவுக்கே பதினோரு நாள்.

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். நாலாவது வரியில் வகுப்பு சிரித்தது. மறுநாள் அவள் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

படகு சிரிக்கவில்லை. அவள் அகராதியைப் புரட்டித் தேடும்வரை அலையில் ஆடிக்கொண்டு நின்றது.

தேடிய வரிகளைத் தமிழில் எழுதி வைத்தாள். ஐந்து நோட்டு ஆயிற்று. கிறிஸ்துமஸ் ஸ்டார் வைக்கும் பெட்டிக்குள் இருக்கின்றன. டிசம்பர்வரை யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். மூன்று தீவை மட்டும் மாட்டாக்கி ஏற்றிவிட்டு, அண்ணன் வருமுன் லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டாள்.

ஒரே ஓர் இடத்தில்தான் தப்பு செய்திருந்தாள். தெரிந்தே.

முதல் தீவை விட்டுப் படகு கிளம்பும்போது கலங்கரை விளக்குக்காரி ஒன்று சொல்வாள். பத்திரமாகப் போ. அசலில் அவ்வளவுதான். அப்படியே எழுதிப் பார்த்தாள். ஒட்டவில்லை. அடித்தாள். அப்புறம் தானாக வந்ததை எழுதினாள்.

மூன்று வரி வந்தது.

இப்போது மதினி அந்தக் கிழவியை முதல் தடவையாகப் பார்க்கப்போகிறாள். முதல் தடவை ஒரு தடவைதான். கெட்டால், கெடுத்த கை இந்தக் கை.

“நீ சொல்லேன். போடவா, வேண்டாமா?” என்று மதினி கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். தோள்தான் ஏறி இறங்கியது.

“எனக்கு இங்கிலீஷ் புரியும்” என்றாள் மதினி. “ஆனா யோசிச்சுட்டுத்தான் சிரிக்க வேண்டியிருக்கு.”

அழுத்தினாள்.

இறக்கிக்கொண்டவர்கள்: ஐந்து.

நாத்தனார் ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள். மீண்டும் மடித்தாள். அது தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது.

மதினிக்கு எதையும் வாய்விட்டு வாசிக்கும் பழக்கம். துறைமுகத்துக் காவலாளியின் புலம்பலை வாசித்தாள். பாதியில் சிரித்தாள்.

யோசிக்காமல் சிரித்தாள்.

கடிதம் கொடுத்தாயிற்று. கயிறு அவிழ்ந்தது. கலங்கரை விளக்குக்காரி மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

“போறதுன்னா போ. தலையில துண்டக் கட்டிட்டுப் போ. காதுல காத்து அடைச்சா நாந்தான் பூண்டு வாட்டணும்.”

அடுப்படியில் அம்மா மீன் உரசும் சத்தம் நின்றது.

“யாருட்டி அது, என்னைய மாதிரியே பேசிக் காட்டுறது?”

மதினி நாற்காலியோடு எழுந்தாள். நாற்பது நாள் மருமகள். “ஐயோ அத்தை, நானில்ல! இந்தா, இந்தப் பொம்பள சொல்லுதா!”

அம்மா செதில் ஒட்டிய கையோடு வந்து திரையைக் குனிந்து பார்த்தாள். விளக்குக்காரியை மேலும் கீழும் அளந்தாள்.

“சரியாத்தான சொல்லுதா. அந்தப் படகுக்காரன் கேக்கானான்னு பாரு.”

போய்விட்டாள். மீன் உரசும் சத்தம் மறுபடி கேட்டது.

மதினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகு நகரவில்லை.

“மீதித் தீவெல்லாம் எப்ப வருமோ” என்றாள் கடைசியில். திரும்பாமல்தான் சொன்னாள்.

நாத்தனார் தலையணை உறையைப் பிரித்தாள். முழுசாகப் பிரித்தாள்.

“நாலாவது தீவு ஞாயித்துக்கிழமை வந்துரும்.”

மதினி அப்போதும் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, மடித்த துணிகளுக்குள்ளிருந்து துண்டு ஒன்றை உருவினாள்.

தலையில் கட்டிக்கொண்டாள்.

படகை எடுத்தாள்.