சரியாகச் சாத்தாத கதவு

"யார் கடைசி?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் தாரின்கா.



"நான்தான்" என்றாள் ராய்னா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் பொஷ்கோவின் கிளினிக்கில் டோக்கன் கிடையாது. வருகிறவர்கள் கடைசி ஆள் யாரென்று கேட்டு, அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ராய்னாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாரின்கா கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்தக் கதவு சரியாகச் சாத்தாது. எவ்வளவு அழுத்தினாலும் விரல்கடை இடைவெளி நிற்கும். டாக்டருக்கோ காது மந்தம். உள்ளே பேசுவதெல்லாம் வெளியே கேட்கும் என்பது ஊரறிந்த விஷயம். ராய்னா அளவுக்கு அதை அறிந்தவர் யாருமில்லை.

கடைத்தெருவில் பனிட்சா விற்கிறவள் அவள். பாலாடைக்கட்டி வைத்த அந்தச் சூடான பலகாரத்துக்காகக் காலையில் ஊரே அவளுடைய கடை ஜன்னலில் வந்து நிற்கும். பலகாரத்தோடு ஊர்க்கதையையும் சேர்த்துக் கட்டிக்கொடுப்பாள். இந்த வசந்தத்திலிருந்து தாரின்கா மட்டும் அந்தப் பக்கம் வருவதில்லை.

"நீ வேணா முன்னாடி போயேன், தாரின்கா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"வேண்டாங்க்கா. உங்களுக்கு அப்புறம்தான் நான்."

அந்த மரியாதைதான் ராய்னாவைப் பயமுறுத்தியது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கு ஒட்டுக்கேட்பது அவள் முறை.

கதவுக்கு மேலே நோயாளிகளின் உரிமைகளையும் கடமைகளையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கடமைகள் ராய்னாவுக்கு மனப்பாடம். யாராவது சத்தம் போட்டால் 'காத்திருக்கும் இடத்தில் அமைதி காக்கவும்' என்று அவளே எழுந்து வாசித்துக் காட்டுவாள். உரிமைகள் பக்கம் அவள் கண் போனதில்லை.

அவளைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். கதவை முதுகால் நெருக்கிப் பார்த்தாள். இடைவெளி அப்படியேதான் இருந்தது.

"அடக்க முடியல, டாக்டர்" என்றாள் மெதுவாக. "தும்மினா, சிரிச்சா, கொஞ்சம் உரக்கப் பேசினாக்கூட போயிடுது."

"என்ன போயிடுது? சத்தமா சொல்லுங்கம்மா!"

ராய்னா கதவிடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். பலகாரம் விற்கிறவள். நனைந்த துணியோடு கல்லாவில் நிற்கிறாள் என்று தெரிந்தால் யார் அவள் கையால் வாங்கித் தின்பார்கள்?

அப்போதுதான் வெளியே அந்தக் கூச்சல் கிளம்பியது.

"சுட்ட குடைமிளகாயைத் தோலோட அரைச்சா அது சட்டினியா? மாட்டுத் தீனி!"

தாரின்காவின் குரல். அடுத்து கிழவர் பென்கோ, "எங்க வீட்டுச் சட்டினியையா மாட்டுத் தீனிங்கிற?" என்று எகிறினார். செப்டம்பர் மாதம், குளிர்காலத்துக்காக எல்லா வீடுகளிலும் மிளகாய் சுட்டு அரைக்கிற நேரம். இந்த விஷயத்தில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் தாரின்கா மட்டும் மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தாள்.

"வெளியில என்ன, லாரி போகுதா?" என்றார் டாக்டர்.

ராய்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதென்ன சந்தைக்கடையா? கொஞ்சமாவது மரியாதை வேண்டாமா? அந்த இரைச்சலுக்கு மேலே, கால்களை இறுக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் கத்தியே சொல்லி முடித்தாள். இரவில் எழுந்திருப்பதை, துணி மாற்றுவதை, கல்லாவில் நிற்கும்போது நடப்பதை, ஒன்று விடாமல்.

"ஊர்ல பாதிப் பொம்பளைங்களுக்கு இருக்கு. யாரும் வாயத் திறக்கிறதில்ல" என்று டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார்.

கடமைகளைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போவது என்ற முடிவோடு ராய்னா கதவைத் திறந்தாள்.

தாரின்கா பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

"இவளுக்கு இன்னிக்கு என்ன பேய் பிடிச்சுதோ!" பென்கோ இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "நீ உள்ள போனதும் ஆரம்பிச்சா, வெளிய வந்ததும் வாய மூடிட்டா. இத்தனைக்கும் சட்டினியக் கடையில போத்தல்ல வாங்குறவ!"

ராய்னா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தாரின்காவின் புருஷன் ஜெர்மனியில் கூரை வேலை செய்கிறவன். ஈஸ்டருக்கு வந்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு, அவனிடமிருந்து தொற்றிய நோயைக் காட்ட தாரின்கா இதே கதவுக்குள் போனாள். வெளியே பேசிக்கொண்டிருந்தவர்களை உதட்டில் விரல் வைத்து அடக்கியவள் ராய்னா. மறுநாள் காலை, "ஜெர்மனியிலேர்ந்து புருஷன் சாக்லேட் மட்டும் கொண்டுவரல போல" என்று பனிட்சா கட்டிக்கொண்டே சொன்னவளும் அவள்தான். ஊர் சிரித்து ஓயப் பல நாள் ஆயிற்று. சிரித்ததெல்லாம் பெண்டாட்டியைப் பார்த்துத்தான்; புருஷனைப் பார்த்து ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"சத்தமா சொல்லும்மா!" உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது.

வெளியே பேச்சு நின்றது. பென்கோ கதவுப் பக்கம் சாய்ந்து, உதட்டில் விரலை வைத்து, ராய்னாவைப் பார்த்துக் கண்ணடித்தார். அவளிடம் கற்றுக்கொண்டதுதான்.

ராய்னாவின் முகம் எரிந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"பென்கோ அண்ணே!" என்று கத்தினாள். "மிளகாய்க்கு உப்பு எப்போ போடுவீங்க? சுடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பாவாடை நனைவது அவளுக்குத் தெரிந்தது.

இன்னும் உரக்கக் கேட்டாள்.