கொடுத்த பின்னும் இருக்கும் காசு

தொலைபேசியின் மறுபக்கம் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

ஒருத்தி உதவிப்பண அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் பேசினாள். மற்றவள் அதைத் தமிழில் சொன்னாள். மொழிபெயர்த்தவளின் குரலில் யாழ்ப்பாணம் இருந்தது. ஆனால் தன் பங்குக்கு அவள் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

இந்தப் பக்கம் இருந்தவர் கேட்டது ஒரே கேள்விதான். ஊரில் வீடு விற்று வந்த காசை அக்காவின் மகளுக்குக் கொடுத்துவிட்டால், நிறுத்திய உதவிப்பணம் திரும்பக் கிடைக்குமா?

ஆங்கிலம் நீளமாகப் போயிற்று. தமிழ் சுருக்கமாக வந்தது.

"குடுக்கிறது உங்கட விருப்பமாம் ஐயா. ஆனா குடுத்தாலும், அந்தக் காசு உங்களிட்ட இருக்கிறதாத்தான் கணக்கில எடுக்கக்கூடுமாம்."

"இல்லாத காசை எப்பிடிப் பிள்ளை இருக்கெண்டு எடுக்கிறது?"

அதையும் அவள் மொழிபெயர்த்தாள். காத்திருந்தாள்.

"அதுதான் சட்டமாம்."

அவர் நன்றி சொன்னார். இரண்டு பேருக்கும்.

லண்டனுக்கு வந்த நாளிலிருந்து பண்டகசாலையில் பெட்டி தூக்கியவர். முதுகெலும்பு விலகியதோடு வேலை போனது. அடுத்த வருடம் மனைவி றெஜினாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாயின. அதன்பிறகு இந்த மாடிவீட்டின் வாடகையும் சாப்பாடும் அரசின் உதவிப்பணத்தில்தான் நடந்தன. ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. பிறகு அதற்கும் களைத்துப்போனார்.

அப்போதுதான் ஊரில், இளவாலையில் இருந்த வீடு விலைபோனது.

அம்மா அதை ஒரே மகன் பெயருக்கு எழுதிவைத்திருந்தாள். அம்மா இறந்து ஓராண்டுப் பூசை முடிந்த கையோடு வாங்க ஆள் வந்தது. நோயாளிகள் இரண்டு பேருக்கு ஒரு பிடிமானம் என்று நினைத்து விற்றார்.

அந்த வீட்டில் மெற்றில்டா இருந்தாள். செத்துப்போன அக்காவின் மகள். கலியாணம் கட்டாதவள். படுக்கையில் விழுந்த அம்மாவைப் புரட்டித் துடைத்ததும், கஞ்சி பருக்கியதும், கடைசியில் கண்ணை மூடிவிட்டதும் அவள்தான்.

விற்கப்போவதாகச் சொன்னபோது, "சரி மாமா" என்றாள்.

பக்கத்தூர் பண்டத்தரிப்பில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

காசு வந்தது. அவர் ஒளிக்கவில்லை. அலுவலகத்துக்கு அறிவித்தார். உதவிப்பணம் நின்றது. கையில் இருப்பது கரையும்வரை அதிலேயே சீவியுங்கள், பிறகு வாருங்கள் என்றார்கள்.

அதில் பிழை சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

சீவித்தார்கள். லண்டன் வாடகை ஊர்வீட்டைத் தின்னத் தொடங்கியது. முதல் மாதம் அம்மா சமைத்த குசினி போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அடுத்ததாக விறாந்தை.

இனி அம்மா படுத்திருந்த அறை.

போன கிழமை மெற்றில்டா அழைத்தாள். மாமியின் சுகம் கேட்டாள். அறையை வாடகைக்குக் கொடுத்தவரின் மகள் குடும்பத்தோடு திரும்பி வருகிறாளாம். அறையை விடச் சொல்லிவிட்டார்களாம்.

"கன்னியர் மடத்தில கேட்டிருக்கிறன் மாமா. குசினிக்கு ஆள் வேணுமாம். அங்கயே படுக்கலாம்."

காசைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் அவருக்குக் கோபமாவது வந்திருக்கும்.

இன்று காலை, றெஜினாவை இரத்தச் சுத்திகரிப்புக்குக் கொண்டுபோக ஆஸ்பத்திரி வண்டி வந்தது. இரண்டு படி இறங்கியவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"உங்கட அம்மாவை நாங்கள் ஒருநாளும் தூக்கி இருத்தேல்லை" என்றாள்.

பிறகு மெல்ல இறங்கிப் போனாள்.

அதற்குப் பின்தான் அவர் அந்த அலுவலகத்துக்கு அழைத்தார்.

இப்போது அவர் தனியாக இருந்தார். சன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு மாத வாடகையை மட்டும் நிறுத்திக்கொண்டு, மிச்சம் முழுவதையும் மெற்றில்டாவின் கணக்குக்கு அனுப்ப எண்களைத் தட்டினார்.

உறுதிதானா என்று கைபேசி கேட்டது.

உறுதியில்லை.

அழுத்தினார்.

பிறகு, பெற்றோல் நிலையம் நடத்தும் பழைய சிநேகிதன் ஒருவனை அழைத்தார்.

"இருந்துகொண்டு செய்யிற வேலை ஏதும் இருந்தாச் சொல்லு."

"உன்ர முதுகு எப்பிடி?"

"இருக்கு."

பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. றெஜினா திரும்பி வந்தாள். சுத்திகரிப்பு முடிந்து வரும் நாட்களில் அவளுக்கு உடம்பு உள்ளேயிருந்து குளிரும். காசை மிச்சம்பிடிக்க ஹீற்றரை அணைத்தே வைத்திருந்தார்கள். கோட்டைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தாள். அவர் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி மடியில் வைத்தார்.

"அனுப்பிட்டீங்களே?"

"ஓம்."

"அவள் என்ன சொன்னவள்?"

"அழுதவள். பிறகு, உங்களுக்கு அங்க கஷ்டமில்லையோ எண்டு கேட்டவள்."

றெஜினா கண்களை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று அவர் நினைத்தார்.

"உதவிப்பணக் கந்தோரில என்ன சொல்லினம்?"

அவர் போத்தலில் சுற்றிய துணியைச் சரிசெய்தார்.

"காசு இன்னும் எங்களிட்டத்தான் இருக்காம்."

அவள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது.

"அப்ப அந்த ஹீற்றரைப் போடுங்கோ" என்றாள்.