இரண்டு மெய், ஒரு மூச்சு

இரண்டு மெய்யெழுத்துகளை, நடுவில் உயிரெழுத்து கலக்காமல், ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவனே நாகரிக மனிதன்.

இது ஹேமநாதனின் கொள்கை. சிகாமட் முதல் உலு திராம் வரை கல்யாண விருந்துகளில் மைக் பிடித்தவர். 'இஸ்பெஷல்' என்று சொல்லிவிட்ட மாப்பிள்ளையின் தகப்பனாரை மேடையிலேயே நிறுத்தித் திருத்தி அனுப்பியவர்.

"எங்க, ஸ்கூடாய் சொல்லுங்க அங்கிள்," என்றாள் லோஷினி.

"கூடாய்," என்றார் ஹேமநாதன்.

லேசான பக்கவாதம்தான். கையும் காலும் சரியாகிவிட்டன. நாக்கு மட்டும், இரண்டு மெய் சேர்ந்து நிற்பதைக் கண்டால், ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதோடு ஓடிவிடுகிறது.

லோஷினி பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். அவளுடைய கிளினிக் இருப்பதும் ஸ்கூடாயில்தான். உட்கார்ந்திருக்கும் ஊரின் பெயரே அவருக்கு வாயில் வரவில்லை.

அடுத்த மாதம் மகள் ஷாமளாவின் கல்யாண விருந்து. மேடையேறிக் குடும்பத்தை அறிமுகம் செய்யவேண்டியவர் அவர். முடியாவிட்டால் தான் பார்த்துக்கொள்வதாக ரேமண்ட் போன் போட்டுக்கொண்டே இருக்கிறான். ரேமண்டும் மைக் பிடிப்பவன்தான். ஆனால் 'புரோகிராம்' என்பவன். அவன் கையில் மைக்கைக் கொடுப்பதைவிட விருந்தையே நிறுத்திவிடலாம்.

"ஒரு குறுக்கு வழி இருக்கு அங்கிள். கஷ்டமான இடத்துல சின்னதா ஒரு 'இ' போட்டுக்குங்க. இஸ்கூடாய். நாக்கு ஏறுறதுக்கு ஒரு படி மாதிரி."

ஹேமநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாங்கல்லாம் பொறந்ததுலேருந்து இஸ்கூடாய்தான் லா. பஸ்ஸு கரெக்டா கொண்டாந்து எறக்கி விட்டுரும்," என்றாள் பக்கத்து நாற்காலியில் மைலோ ஆற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி பிரேமலா.

ஹேமநாதன் முறைத்தார். முறைப்பதற்கு மெய்யெழுத்து தேவையில்லை.

பிரேமலா மைலோவை மேசையில் வைத்துவிட்டு, பிளாஸ்க் மூடியைக் கழுவ வெளியே போனாள்.

"சரி, ஊரை விடுங்க. விருந்துல முதல்ல யாரை அறிமுகம் செய்வீங்க?"

அவர் காலி நாற்காலியைக் கை காட்டினார்.

"ஆண்ட்டியா? அவங்க பேரும் ரெண்டு மெய்தான் அங்கிள். ப்ர. சொல்லுங்க."

"பேமலா."

"இன்னொரு தடவ."

"பேமலா." மேசையில் குத்தினார். மைலோ தளும்பியது. எத்தனை ப்ரெசிடெண்டை, எத்தனை ப்ரின்சிபலைச் சிந்தாமல் மேடையேற்றிய நாக்கு! கண் கலங்கிவிட்டது.

லோஷினி டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

ஹேமநாதன் கதவைப் பார்த்தார். ரேமண்ட் மாதிரி யாரும் நிற்கவில்லை என்று உறுதியானதும், கடையில் மிட்டாய் திருடுகிறவரைப் போல ஒரு 'இ'யை எடுத்து நடுவில் செருகினார்.

"பி… ரேமலா."

லோஷினி கைதட்டவில்லை. விரலை மட்டும் சுழற்றினாள். இன்னொரு தடவை.

"பிரேமலா."

அந்த 'இ' தேய ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்தது. கடைசியில் இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு மெய்யும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன.

"ப்ரேமலா!"

மண்டபத்தின் கடைசி மேசைவரை போகும் பழைய குரல். லோஷினி இப்போது கைதட்டினாள். ஹேமநாதன் விருந்தே முடிந்துவிட்டதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கதவு திறந்தது. கையில் ஈர மூடியோடு பிரேமலா எட்டிப் பார்த்தாள். கணவரைத் தாண்டி, லோஷினியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அலமாக், எவனோ ஒரு ஆம்பள என் பேரைச் சொல்லிக் கத்துறான். யாரும்மா அது?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஹேமநாதன் அவளைக் கூப்பிட்டது 'இந்தா' என்றுதான்.