துரைக்கு ஆள் காட்டியவர்

"துரை! அவர் அந்தப் படகுக்கடியில் ஒளிந்திருக்கிறார்!"

சின்னப் பையன் குரலில் நான் கத்தினதும் டீக்கடையே சிரித்தது. ஓரமாகத் தனியே உட்கார்ந்திருந்த இருசப்பன் மட்டும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுபது வருஷத்துக்கு முன்னால் எங்க ஊர்க் கடற்கரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்து வாள் தூக்கின வீரனை, ஒரு பொடியன் காட்டிக்கொடுப்பான். அந்தப் பொடியன்தான் இருசப்பன். பேசினது இந்த ஒரே வசனம்.

சுதந்திர தினம் தவறாமல் டிவியில் போடுவார்கள். ஊரே மறுபடி அவரைத் திட்டும். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. இப்போது கல்யாணப் பந்தியில்கூட அவருக்குப் பக்கத்து இலை காலி.

உப்பளத்தில் அவர்தான் காவல். நேற்று மத்தியானம் போய், "தாத்தா, ஒரு போன் பண்ணிக்கட்டுமா?" என்றேன்.

"எடுத்துக்கப்பா." யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை. பேச ஒரு ஆள் வந்ததே போதும் அவருக்கு.

கொஞ்சம் தள்ளிப் போய், முதலாளியின் கரகரத்த குரலில் மேஸ்திரியைப் பிடித்தேன்.

"ஏம்பா தேசப்பா, வெயில் கொளுத்துதேய்யா! எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு!"

பத்தே நிமிஷம். உப்பளம் காலி. எங்கம்மாகூடச் சிரித்துக்கொண்டே கிளம்பினாள். நான் உருண்டு உருண்டு சிரித்தேன்.

மூணு லாரி லோடு ஏறாமல் நின்றது. நிஜ முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் டீக்கடைக்கே வந்துவிட்டார் தேசப்பன்.

"இருசப்பா, இது உன் நம்பர். முதலாளிதான் உன் போன்ல பேசறார்னு நம்பிட்டேன். பேசினது எவன்? சொல்லிடு. அவன் வீட்டு ஆளுங்க ஒருத்தரும் இனிமே உப்பளத்துல கால் வைக்க முடியாது!"

எங்கம்மா கூலியில்தான் எங்க வீட்டில் உலை கொதிக்கிறது.

"அவரைக் கேக்கணுமா மேஸ்திரி? ஆளைக் காட்டிக்கொடுக்க அவருக்கா சொல்லித் தரணும்?" என்றார் கடைக்காரர் பாலகுரு. ஒரே சிரிப்பு.

இருசப்பன் என்னை ஒருதரம் பார்த்தார். எழுந்தார்.

"நாந்தாங்க பேசினேன்."

"நீயா? எங்க, பேசிக் காட்டு."

"ஏம்பா தேசப்பா... வெயில் கொளுத்துதேய்யா..."

மெலிந்த, நடுங்குகிற குரல். முதலாளி குரலோடு நூலளவும் ஒட்டவில்லை.

"வயசாகியும் புத்தி மாறல பாரு! நாளையிலேருந்து வேலைக்கு வராத!"

கடையில் ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.